புதன்கிழமைகளில் இல்லாத சரளா

செய்தி வந்தபோது ரயில் புத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. நகரியிலிருந்து திருப்பதிக்கு வேலைக்குப் போகிற கூட்டத்தில் எனக்கு ஜன்னலோரம் கிடைப்பது அபூர்வம். அன்று கிடைத்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் லேசாகக் கண் அசந்த நேரத்தில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. காலை வேளையில் அது இப்படி அதிர்ந்தால் எனக்கு ஒரே அர்த்தம்தான்: நாங்கள் கவனித்துக்கொள்ளும் இணையதளம் படுத்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன். தளம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. செய்தி சித்தூரிலிருந்து, சரளாவின் கணவர் முருகேசன் அண்ணனிடமிருந்து வந்திருந்தது. சரளா விடியற்காலையில் போய்விட்டாள். தூக்கத்திலேயே, வலி இல்லாமல்.

"வலி இல்லாமல்" என்ற சொல்லைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கிற நண்பர்களில், கடைசி மாதங்களில் அவளைப் போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தலையணையை மாற்றி வைப்பதற்குக்கூட அவள் பல்லைக் கடித்துக்கொள்வதை நீங்களும் பார்த்தீர்கள். புற்றுநோய் அவளை விட்டு வைக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, நாம் எல்லோரும் வேண்டிக்கொண்டது இந்த ஒன்றைத்தானே.

சரளாவும் நானும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். திருப்பதிப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஓர் இனிப்புக் கடைக்கு மேல்மாடியில், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்களோடு இயங்கும் சிறிய இணையதள நிறுவனம். அவள் சித்தூரிலிருந்து பாகாலா, சந்திரகிரி வழியாகப் பேருந்தில் வருவாள். நான் ரயிலில். யார் தாமதமாக வந்தாலும் மற்றவளுக்குக் கொண்டாட்டம். கல்யாண மண்டபம், தங்கும் விடுதி, நகைக்கடை என்று யார் கேட்டாலும் இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்த எங்களிடம், ஒருநாள் ஓர் அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் மையங்களைச் சித்தூர், புத்தூர், திருப்பதி என்று பல ஊர்களில் நடத்துகிறவர்கள். யாருக்கு எந்த நாள், எந்த நேரம், எந்தச் சாய்வு நாற்காலி என்று ஒதுக்கி, முந்தின நாளே நோயாளியின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்ப ஒரு தளம் வேண்டும் என்றார்கள். அதன் பெரும்பகுதியை எழுதியவள் சரளா.

நகைக்கடையின் தளம் அரைநாள் படுத்துக்கிடந்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். இது அப்படியல்ல. எங்கள் தளம் தப்பான நாளைச் சொன்னால், பாகாலாவுக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்த ஒருவர், தன் நாற்காலியில் வேறொருவர் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஊதிப்போன காலோடு திரும்பிப் போவார். அதனால் சரளா இல்லாமல் இந்தத் தளம் என்ன ஆகும் என்ற பயம் எங்களை ஆரம்பத்திலிருந்தே விடவில்லை. அவள் நோயில் விழுந்ததற்குப் பிறகு வந்த பயம் அல்ல அது. அவள் ஆரோக்கியமாக, இரண்டு தோசைக்கு மேல் மூன்றாவதும் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே இருந்த பயம்.

அந்தப் பயத்தின் உச்சத்தை சரளாவின் தம்பி கல்யாணத்தில் நான் நேரில் பார்த்தேன். சந்திரகிரியில் ஒரு மண்டபம். மாப்பிள்ளையின் அக்கா என்பதால் தாலியின் மூன்றாவது முடிச்சைப் போட வேண்டியவள் அவள். மேளம் கொட்டுகிறது, எல்லோரும் அட்சதையோடு எழுந்து நிற்கிறோம். அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து அழைப்பு. எடுக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, முடிச்சைப் போட்டுக்கொண்டே, "ரீஸ்டார்ட் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணு" என்று கத்தினாள். புரோகிதர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பந்தியில் கல்யாணப் பெண் கேட்டாள்: "அண்ணி, மூணாவது முடிச்சு எனக்குப் போட்டீங்களா, சர்வருக்குப் போட்டீங்களா?" பந்தியே சிரித்தது. சரளாவும் சிரித்தாள். ஆனால் கைகழுவப் போன இடத்தில் என்னிடம், "இன்னாமே இது பொழப்பு" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்ததும் ஒரு சட்டம் போட்டாள். மாதத்தின் முதல் புதன்கிழமை அவள் இருக்க மாட்டாள். விடுப்பு எடுக்க மாட்டாள். வருவாள், தன் நாற்காலியில் உட்காருவாள், எங்களோடு டீ குடிப்பாள், சாப்பிடுவாள், ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். வேலையைப் பற்றி மட்டும் யாரும் கேட்கக் கூடாது. "அன்னிக்கி நான் செத்துட்டேன்னு வெச்சிக்கோங்க" என்றாள். எங்கள் முதலாளி தெலுங்குக்காரர், சகுனம் பார்க்கிறவர். "எந்துக்கம்மா இட்லாண்டி மாட்டலு?" என்று பதறிப்போனார். ஏன் இப்படியெல்லாம் பேசுகிறாய் என்று அவர் கேட்டதற்கு அவள் அமைதியாகச் சொன்ன பதில் எங்கள் அலுவலகத்தில் பிரசித்தம்: "லீவு போட்டா போன் பண்றீங்க சார். கல்யாணத்துல இருந்தா கூட பண்றீங்க. செத்தாத்தான் பண்ண மாட்டீங்க."

முதல் சில புதன்கிழமைகள் எங்களுக்கு நரகம். ஏதாவது கேட்டால் தலையை அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பாள். மறுபடி கேட்டால் இன்னும் தீவிரமாகப் பார்ப்பாள். அப்படிப்பட்ட ஒரு புதனில் நான் செய்து வைத்த ஒரு மாற்றத்தால், விடிகாலை ஐந்து மணிக்கு வர வேண்டியவர்களுக்கெல்லாம் ஒருநாள் முன்னதாக வரச் சொல்லி செய்தி போய்விட்டது. என் மாற்றத்தை மேலிருந்து கீழாகத் தேட ஆரம்பித்தேன். சரளா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கமலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை என்னிடம் நீட்டினாள். அவ்வளவுதான் அவள் செய்த உதவி. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. எங்கள் சர்வரின் கடிகாரம் லண்டன் நேரத்தில் ஓடுகிறது. நமக்கு விடிகாலை ஐந்து என்றால் அதற்கு இன்னும் முந்தின நாள் முடியவில்லை. நான் நேரத்தை மாற்றிக் கணக்கிட்டுவிட்டு, தேதியை மாற்ற மறந்திருந்தேன்.

சரிசெய்து முடித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்றாள். "அப்ப ஏன் சொல்லல? யாராச்சும் வந்து நின்னிருந்தா?" என்று கத்தினேன். "சொல்லிருந்தா உனுக்கு வந்திருக்காது சாமி" என்றாள். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "காத்தாலயே சென்டருக்குப் போன் போட்டு, எல்லார்கிட்டயும் சரியான நாளச் சொல்லச் சொல்லிட்டேன். செத்தவ போன் பண்ணக் கூடாதுன்னு இன்னா சட்டம்?" என்றாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. நோயாளிகளை நடுத்தெருவில் விட்டுவிட்டு அவள் பழம் உரித்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

அவளிடம் இன்னொரு வழக்கம். எதைக் கேட்டாலும் முதலில் "தெரியல" என்பாள். அறக்கட்டளைக்காரர்கள் முன்னால் முக்கியமான கூட்டத்தில், இதைச் செய்ய முடியுமா என்று கேட்டால், முதலாளி வாயைத் திறப்பதற்குள் "தெரியல, பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லிவிடுவாள். முதலாளிக்கு வியர்க்கும். ஆனால் வந்தவர்களுக்கு அவள்மேல்தான் நம்பிக்கை. அப்படிச் சொல்லிவிட்டு அவள் கணினியைத் திறக்கவும் மாட்டாள். சம்பந்தப்பட்ட மையத்துக்கு அழைத்து, அங்கே இருக்கிற நர்ஸிடம் கால்மணி நேரம் பேசுவாள். "கோடு எங்கயும் ஓடிப் போவாது. முதல்ல ஆளக் கேளு" என்பது அவள் கட்சி. பல நேரங்களில் கோளாறு அந்தக் கோடில், அதாவது எங்கள் நிரலில், இருக்காது. யாரோ மின்சாரம் போன நேரத்தில் எதையோ அழுத்தியிருப்பார்கள்.

பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அது வந்து இறங்கிய நாள் நினைவிருக்கும். நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதுவதை, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது எழுதி வைத்தது. நகரியில் எங்கள் வீட்டுப் பவர்லூமை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். இந்த வேலையும் போனால் எங்கே போவது என்று நான் புலம்பினேன். சரளாவுக்கு அந்தக் கலக்கம் இருக்கவில்லை. அவள் சின்னப்பிள்ளைக்குப் புது பொம்மை கிடைத்த மாதிரி அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "டைப் அடிக்கிற வேல போச்சு, நல்லதாப் போச்சு, எனுக்கு விரல் வலிக்கிது" என்றாள். "எது வேணும்னு கேக்கிற வேலயும், குடுத்தது சரியான்னு பாக்கிற வேலயும் நம்ம தலமேலதான் இருக்கிது. அத யாருமே இன்னும் எடுத்துக்கல." இன்று நான் தினமும் அந்தக் கருவியோடுதான் வேலை செய்கிறேன். அவள் சொன்னது எனக்கு இன்னும் பொய்யாகவில்லை.

அவள் நோயில் விழுந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும், முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் செய்தார். இத்தனை வருடங்களில் சரளா அலுவலகக் குழுவில் எழுதிய செய்திகள் அனைத்தையும் செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டி, ஓர் உதவியாளரை உண்டாக்கினார். அதற்கு "சரளா" என்றே பெயர் வைத்தார். தளத்தில் ஏதாவது சிக்கல் என்றால் அதனிடம் கேட்கலாம். அது "சரி சாமி" என்று ஆரம்பித்து, அவள் பேசுகிற மாதிரியே பதில் எழுதும். அதன் முதல் பதிலை நான் இரண்டு தடவை படித்தேன். எங்களோடு வேலை செய்யும் ஹரிதா, திருப்பதிப் பெண், கெட்டிக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி, "சரளா எங்கயும் போக மாட்டா" என்றார். எனக்கும் அப்போது அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அவளுக்குக் காட்டச் சித்தூருக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாம்பழக் கூழ் ஆலையில் வேலை பார்க்கும் முருகேசன் அண்ணன் அன்று விடுப்பில் இருந்தார். மடிக்கணினியை அவள் மடியில் வைத்தோம். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அது மளமளவென்று பதில் சொன்னது. கொஞ்ச நேரத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் வலிக்கும் அவளுக்கு. அடக்கிக்கொண்டு, "ஏம்மே, நான் இவ்ளோ புத்திசாலியா? ஒரு வாட்டி கூட தெரியலன்னு சொல்ல மாட்டேங்குதே!" என்றாள். எனக்கு அதுவரை உறைக்கவில்லை. அவள் தெரியல என்று சொன்னதெல்லாம் வாயால் சொன்னது. நர்ஸிடம் கேட்டதெல்லாம் தொலைபேசியில் கேட்டது. தேடி, தடுமாறி, கண்டுபிடித்த பிறகு, கடைசியாக ஒரு வரி குழுவில் எழுதுவாள். அந்தக் கடைசி வரிகள் மட்டும்தான் அந்த இயந்திரத்துக்குக் கிடைத்திருந்தன. எல்லாம் தெரிந்த ஒரு சரளாவை அது செய்து வைத்திருந்தது. அப்படி ஒருத்தி எங்களோடு வேலை பார்க்கவே இல்லை.

"நல்லா இருக்கிது, வெச்சிக்கோங்க" என்றாள் கடைசியில். "ஆனா சாருகிட்ட சொல்லி என் பேர மட்டும் எடுத்துடு. என் பேரு இருந்தா நம்பிப்புடுவீங்க." அவள் என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டது அந்த ஒரு தடவைதான். அடுத்த நாள் முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. "இருக்கட்டும்மா, அவ குணமாகி வரட்டும், அப்பறம் எடுக்கலாம்" என்றார். அவள் குணமாக மாட்டாள் என்று அவருக்கும் தெரியும். பெயரை அழிக்க அவருக்குக் கை வரவில்லை. அடிக்கடி நினைவூட்டினேன். ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றினார். சித்தூருக்குப் போகும்போதெல்லாம் சரளா கேட்பாள், "எடுத்தாரா?" நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பெயர் எடுக்கப்படாமலேயே அவள் போய்விட்டாள்.

சித்தூரில் காரியம் முடிந்த மறுநாள் அலுவலகத்துக்கு வந்தோம். யாருக்கும் வேலை ஓடவில்லை. மத்தியானம் புத்தூர் மையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெரியவர் அழைத்தார். அவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றாக வந்து போகிறவர்கள். இருவருக்கும் மறுநாள் காலை ஒரே நேரத்தில் அடுத்தடுத்த எண் போட்டு நாற்காலி வந்திருக்கிறது. "நான் படுக்கிற நாற்காலிக்கு அடுத்தது செவுருதான்மா. அவரு செவுத்துலயா படுப்பாரு?" என்றார். பார்த்தோம். இன்னும் சிலருக்கும் அதே மாதிரி ஆகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மற்ற மையங்களுக்கும் செய்தி போக வேண்டும்.

ஹரிதா உடனே அந்த உதவியாளரைத் திறந்தாள். திரையில் "சரளா" என்ற பெயர். கேள்வியைப் போட்டாள். "சரி சாமி, பழைய பிரச்சினைதான். ஒதுக்கீட்டை முழுசா அழிச்சிட்டு மறுபடி ஓட்டு, எல்லாருக்கும் புதுசா செய்தி போயிடும்" என்று வந்தது. எப்போதோ வேறு ஒரு கோளாறுக்கு சரளா எழுதிய பதில் அது. எனக்கும் அந்த நாள் நினைவிருந்தது. ஹரிதாவின் விரல் விசைக்குப் போய்விட்டது. அதை அழுத்தினால் அத்தனை ஊர்களிலும் மறுநாளுக்கான நாற்காலிகள் மொத்தமும் இடம் மாறும். வழக்கமான நேரத்தை நம்பி ஆட்டோ பேசி வைத்தவர்கள், துணைக்கு ஆள் பிடித்தவர்கள், எல்லோருக்கும். "அக்கா சொல்லுது, செய்யவா?" என்று என்னைப் பார்த்தாள். அந்தப் பெயரைப் பார்த்ததும் செய்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அவள் சொல்லி நாங்கள் எதைச் செய்யாமல் இருந்திருக்கிறோம்?

"தெரியல" என்றேன். என் குரல் எனக்கே விசித்திரமாக இருந்தது. "தெரியல ஹரிதா. கைய எடு. முதல்ல ஆளக் கேப்போம்."

புத்தூர் மையத்து நர்ஸைப் பிடித்தேன். விஷயம் இவ்வளவுதான். நாற்காலிக்கு ஒன்றாக இருக்கும் டயாலிசிஸ் இயந்திரங்களில் பழுதாகிப் போயிருந்தவை முந்தின நாள் சரியாகி வந்திருக்கின்றன. அவர் அவற்றைப் புது எண்களில் பதிந்திருக்கிறார். பழைய எண்களை எடுக்கவில்லை. ஒரே நாற்காலி இரண்டு எண்களில் இருந்தது, எங்கள் தளம் இரண்டு பேரை அதில் படுக்க வைத்தது. "ஐயோ, நான்தாம்மா. சேத்துக்கினு இருக்கும்போதே ஒரு பேஷன்டு வாந்தி எடுத்துக்கினாரு, அப்டியே ஓடிட்டேன்" என்றார். நாங்கள் பழைய எண்களை எடுத்தோம். ஒரே நாற்காலியில் இரண்டாவதாக விழுந்தவர்களுக்கு மட்டும் அடுத்த நேரத்தைக் கொடுத்து, ஹரிதாவும் நானும் ஆளுக்குச் சிலராக அழைத்துப் பேசினோம். பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் பதினொரு மணி என்றதும் பெரியவர், "அப்ப நானும் பதினொரு மணிக்கே வரேன்மா, ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்துடுறோம்" என்றார். வேறு ஒருவருக்கும் எதுவும் மாறவில்லை. மற்ற ஊர்களுக்குச் செய்திகள் வழக்கமான நேரத்தில் போயின.

இதையெல்லாம் முதலாளி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவர் திரும்பித் தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்த உதவியாளரின் தலைப்பில் பெயர் இல்லை. "உதவி" என்று மட்டும் இருந்தது. "சரி சாமி"யும் போயிருந்தது.

மாலையில் ஹரிதாவும் நானும் கீழே டீக்கடைக்கு இறங்கினோம். உடம்பிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியிருந்தது. சரளா கேட்டது நடந்துவிட்டது என்பதில் ஒரு பாதி. நாளைக் காலை யாரும் நாற்காலி இல்லாமல் நிற்க மாட்டார்கள் என்பதில் மறுபாதி. சரளாவிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று அப்போதுதான் யோசித்தேன். அவளுடைய கெட்டிக்காரத்தனம் எனக்கு வராது. அவளுடைய பொறுமை சுத்தமாக வராது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஆளைக் கேட்கப் போகிற அந்தத் தைரியத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

டீ கையில் வந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. இத்தனை வருடங்களாகத் தளத்தில் ஒரு சின்னச் சிக்கல் என்றாலும் என் விரல் தானாகவே அவள் எண்ணைத் தேடிப் போகும். அவள் படுக்கையில் கிடந்தபோதுகூடப் போய், பாதியில் நிறுத்தியிருக்கிறேன். இன்று மத்தியானம் முழுக்க அது ஒருமுறைகூடப் போகவில்லை. அவளை அழைக்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாதாமாதம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தது இதற்குத்தான். காரியத்தன்று வராத அழுகை, அந்தக் கடை வாசலில், அத்தனை பேருக்கு முன்னால் வந்தது.

ஹரிதா பயந்துபோய் என் கையிலிருந்த டம்ளரை வாங்கினாள். "ஏமாயிந்தக்கா? இன்னா ஆச்சு? இன்னும் எதனா தப்பா போச்சா?"

"இல்லமே" என்றேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கிது."